இல்லாத ஊரின் கிணறு

அவர் எந்த நாற்காலியிலும் நேராகப் போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதலில் முதுகுப் பலகையைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டுவார். பிறகு ஒரு முழங்காலை வைத்து அழுத்துவார். அதையும் தாங்கினால்தான் உட்காருவார். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் எங்கள் மாத இதழின் அலுவலகம் இருந்தது. அங்கே மொத்தமே நான்கு நாற்காலிகள். அதில் ஒன்று அவர் சோதித்துப் பார்த்தே உடைந்தது. ஆசிரியர் முறைத்தபோது, இன்றைக்கு நான் உடைக்காவிட்டால் நாளைக்கு நீங்கள் விழுந்திருப்பீர்கள் என்றார். நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான் என்பது போல இருந்தது அவர் முகம்.

அவரோடு தெருவில் நடப்பது இதைவிடத் தொல்லை. ஜாலான் துன் சம்பந்தனில் நின்றுகொண்டு, ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்பார். அந்த ரயிலில்தான் அரைமணி நேரத்துக்கு முன்பு கிள்ளானிலிருந்து வந்து இறங்கியிருப்பார். மூன்று பேரில் ஒருவராவது தவறாக வழி காட்டுவார். அப்போது அவருக்கு வரும் திருப்தி இருக்கிறதே, அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொழில் அப்படி. தெலுக் பங்லிமா காராங்கில் ரேடியோ செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தார். நூறு ரேடியோ வந்தால் அதில் ஏதாவது ஒன்றை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட வேண்டும். அது தாங்கினால் நூறும் நல்ல சரக்கு. உடைந்தால் நூறையும் திருப்பி அனுப்ப வேண்டும். பதினோரு வருஷம் இதையே செய்தவர், வேலை முடிந்து வெளியே வந்த பிறகும் போட்டுப் பார்ப்பதை நிறுத்தவில்லை. அவ்வளவுதான் அவர்.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்ததே என் மூக்கை உடைத்துத்தான். தொண்ணூறுகளின் பாதி தாண்டிய சமயம். இதழில் கணினிக்கென்று ஒரு பக்கம் தொடங்கியிருந்தார்கள். எனக்கு டைப் அடிக்க வரும் என்பதால் அதை என் தலையில் கட்டினார்கள். ஒரு கார்ப் பந்தய விளையாட்டைப் பற்றி நான் எழுதிய முதல் மதிப்புரைக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது பந்தயத்தில் மழை கொட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், பெட்டியின் பின்னால் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள், ஆனால் விளையாட்டில் மழையே கிடையாது, நீங்கள் விளையாடவே இல்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான். பெட்டியைப் பார்த்து மொழிபெயர்த்துத்தான் எழுதியிருந்தேன். கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். அதற்குள் ஆசிரியர் படித்துவிட்டு, இந்த ஆளையே எழுதச் சொல் என்றார்.

அப்படித்தான் மாதம் ஒரு முறை வேலை முடிந்து வந்து, நாற்காலியை ஆட்டிவிட்டு, மதிப்புரையைக் கொடுத்துவிட்டுப் போவார். நன்றாக எழுதுவார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வெறும் புகழ்ச்சி ஒரு வரி இருக்காது. எந்தக் கதவு திறக்கவில்லை, எந்தச் சுவருக்குள் கை போகிறது என்று எழுதுவார். வாசகர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். என்னை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் இருக்கும்போது ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்க முடியாது. ஒரு நாள் நான் கீழே அச்சகத்துக்குப் போய்விட்டு வந்ததும், உன் அப்பா போன் செய்தார், உடனே வீட்டுக்கு வரச் சொன்னார் என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு படியில் பாதி இறங்கிவிட்டேன். மேலேயிருந்து எட்டிப் பார்த்து, சும்மா சொன்னேன் என்றார். எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறேன் என்று பார்த்தாராம். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அடுத்த முறை வரும்போது பூச்சோங் பாசாரிலிருந்து எனக்குப் பிடித்த குவே பலகாரம் வாங்கி வந்து மேசையில் வைத்தார். அதையும் நான் சாப்பிடுகிறேனா என்று பார்க்கத்தான் வைத்தாரோ என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

அந்த விளையாட்டு வந்தது இதற்குப் பிறகுதான். சாகச விளையாட்டுகளில் பழையது, பெயர் பெற்றது. புதுக் கணினி வாங்க முடியாதவர்களுக்காக, இன்றும் விளையாடத் தகுந்த பழைய விளையாட்டுகள் என்று ஒரு தொடர் போடலாம் என்றார் ஆசிரியர். அதில் இதுதான் முதல். ஒரு பெரிய ராஜ்ஜியம். நமக்கென்று ஓர் ஆளை உருவாக்கி உள்ளே இறக்கிவிட வேண்டும். ராஜா, சாபம், கொலை என்று ஒரு கதை உண்டு. ஆனால் அதன் பின்னால் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆயிரக்கணக்கான ஊர்கள், எங்கே வேண்டுமானாலும் போகலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கேட்டதுமே அவர் கண் போன போக்கைப் பார்த்து, இது ஒரு மாதத்தில் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்றல்ல, மூன்று மாதம் ஆயிற்று. கேட்டால், இன்னும் மேற்குப் பக்கம் பார்க்கவில்லை என்பார். ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள் என்று ஆசிரியர் கெஞ்சினார். முழுசாகப் பார்க்காமல் நட்சத்திரம் கிடையாது என்று சொல்லிவிட்டார் இவர். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானே கோமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன், கையோடு வாங்கி வருவதென்று.

கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில் வீடு. ஜன்னலோரம் கணினி. அதன் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய ஆள் ஒரு கடைக்குள் சும்மா நின்றுகொண்டிருந்தான். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கடை சாத்தும் நேரம் வரட்டும், முதலாளி துரத்துகிறானா என்று பார்க்க வேண்டும் என்றார். முதலாளி துரத்தவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டார். அலமாரியிலிருந்து ஒரு கோப்பையைத் திருடிக்கொண்டு வெளியே போனார். திரும்ப உள்ளே வந்தார். முதலாளி முதலில் சொன்ன அதே வணக்கத்தைச் சொன்னான். அதையும் குறித்துக்கொண்டார்.

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடலாம். எல்லாரும் அப்படித்தான் போவார்கள். இவர் நடந்தார். அவர் மனைவி சமைத்து முடிக்கும்வரை, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், அந்த ஆள் புல்லிலும் மரங்களுக்கு நடுவிலும் நடந்துகொண்டே இருந்தான். ஓர் ஆடு மாடு இல்லை. எனக்குக் கொட்டாவி வந்தது. அவருக்கோ முகமெல்லாம் வெளிச்சம்.

"நடுவுல ஒண்ணுமே இல்ல தங்கச்சி. ஆனா நெலம் இருக்கு. ஏமாத்தல பாரு."

பிறகு முகம் சுருங்கியது. ஆனால் ஒருத்தனுக்கும் என்னை ஞாபகம் இல்லை என்றார். நேற்று ஓர் ஆளை ஓநாயிடமிருந்து காப்பாற்றினாராம். இன்று போய் நின்றால், யார் நீ என்கிறானாம். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டதைச் சொல்வது போல, அவ்வளவு மனத்தாங்கலோடு சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

அவர் மனைவி கிள்ளானில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் வேலை செய்தார். அமைதியான அக்கா. மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, என்னையும் இப்படித்தான் பெண் பார்க்க வந்த அன்றைக்கே சோதித்தார் என்றார். தனியாகப் பேச விட்டபோது, நான் தினமும் குடிப்பேன் என்று சொன்னாராம். அக்கா எழுந்து போகவில்லை என்றதும், பொய் சொன்னேன் என்றாராம். அன்றைக்கே எழுந்து போயிருக்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். கூடத்திலிருந்து இவரும் சிரித்தார். அந்த வீட்டில் எது நிஜம், எது சும்மா என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலையாக இருந்திருக்க வேண்டும். அக்கா அதைக் கேட்காமலே விட்டுவிடப் பழகியிருந்தார்.

அடுத்த வாரம் மதிப்புரை வந்தது. கூடவே கையால் வரைந்த வரைபடம் ஒன்று, ஊர் பேரெல்லாம் எழுதி. வரைபடத்துக்கு இடம் இல்லை என்று என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். மதிப்புரையில் ஒரு பத்தி எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வடமேற்கு மூலையில் எங்கோ ஓர் ஊருக்கு வெளியே பாழடைந்த கிணறு ஒன்று இருக்கிறது, மழை பெய்யும் காலையில் அங்கே போய்க் காத்திருந்தால் ஒரு பெண் வந்து உங்கள் பெயரைக் கேட்பாள், மறுபடி எப்போது போனாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், அந்த ராஜ்ஜியத்தில் உங்களை ஞாபகம் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான் என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு என்னவோ செய்தது. அதைக் கட்டம் கட்டிப் போட்டேன். நட்சத்திரம் அவர் கொடுக்கவில்லை. ஆசிரியரே நான்கு போட்டுக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், கடையில் தே தாரேக் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, எழுதியவரே அந்தக் கிணறு பொய் என்றார். கிணறும் இல்லை, பெண்ணும் இல்லை. நூறு வரியில் ஒரு வரியைப் போட்டுப் பார்த்தேன், நீயும் கண்டுபிடிக்கவில்லை, வாசகர்களும் கண்டுபிடிக்கவில்லை, யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த டம்ளரை அவர் மேல் ஊற்றியிருப்பேன். அந்தப் பக்கத்தின் பொறுப்பாளராக என் பெயர்தான் இருக்கிறது. பெட்டியைப் பார்த்து எழுதியதற்கு என்னை அந்தப் பாடு படுத்தியவர், இல்லாததை எழுதி என் கையாலேயே கட்டம் கட்ட வைத்திருக்கிறார். அதைவிட, அந்தக் கிணற்றை நான் நம்பினேன் என்பதுதான் சுட்டது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன், இவருக்கு ஒரு பாடம் கற்பித்தே ஆக வேண்டும் என்று.

வாசகர் கடிதம் ஒன்று எழுதினேன். நீங்கள் சொன்ன கிணற்றைக் கண்டுபிடித்துவிட்டேன், மூன்று வாரம் தேடினேன், மழையில் அந்தப் பெண் வந்தாள், பெயர் கேட்டாள், இரண்டாம் முறை போனபோது பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், எனக்கு அழுகை வந்துவிட்டது என்று உருக்கமாக எழுதினேன். நம்ப வேண்டும் என்பதற்காக, இழுப்பறையிலிருந்த அவருடைய வரைபடத்தை எடுத்து, வடமேற்கு மூலையில் இருந்த ஓர் ஊர் பேரைப் பார்த்துப் போட்டேன். நான் இருந்தது பூச்சோங்கில். அங்கேயே தபாலில் போட்டால் முத்திரையைப் பார்த்துப் பிடித்துவிடுவார். அதனால் ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போய் அங்கே போட்டேன். அவ்வளவு புத்திசாலித்தனம்.

கடிதத்தை அவர் கையில் கொடுத்தபோது இரண்டு முறை படித்தார். உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு வாரம் தவிக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் இரண்டாயிற்று. ரிங்கிட்டின் மதிப்பு சடசடவென்று விழுந்துகொண்டிருந்த காலம் அது. காகிதம் விலை ஏறி, இதழின் பக்கங்களைக் குறைத்துக்கொண்டிருந்தோம். அந்த அமளியில் எனக்கு மறந்தே போயிற்று.

அப்போதுதான் அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்தார். அதற்கு முன்பு அவர் செய்ததே இல்லை.

"அவரு வேலைக்குப் போகலம்மா. பத்து நாளாச்சு. யாரோ வாசகர் லெட்டர் போட்டாங்களாம்ல, ஏதோ கெணறு இருக்குன்னு. அதக் கண்டுபிடிக்கிற வரைக்கும் லீவுங்கறாரு. எல்லா கம்பெனிலயும் ஆள் கொறைக்கிறாங்க, இப்ப போயி லீவு போடலாமா லா? நீ வந்து பேசேம்மா. நீ சொன்னா கேப்பாரு."

பதினோரு வருஷ வேலை. என் கோபத்துக்கு அதை விலையாகக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். ஆசிரியரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, மத்தியானமே கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஷா ஆலம் தாண்டியபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் தெரிந்த ஆறுதலை என்னால் பார்க்க முடியவில்லை. நீ பேசும்மா என்று கண்ணைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய ஆள் ஒரு வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தான். நடக்கவில்லை. விசைப்பலகையின் மேல் இவர் கையும் இல்லை.

நான் சுற்றி வளைக்கவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான், என்னை ஏமாற்றியதற்காக எழுதினேன், தப்புதான், தயவுசெய்து நாளைக்கே வேலைக்குப் போங்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

தெரியும் என்றார். எப்படி என்று கேட்டேன். நீ எழுதிய ஊர் அந்த விளையாட்டிலேயே கிடையாது என்றார். வரைபடத்தை யாராவது பார்த்துக் காப்பி அடித்தால் தெரிய வேண்டும் என்று அவராகவே ஓர் ஊரை எழுதி வைத்தாராம். நூறு ஊரில் ஒன்று. அந்தப் பேர்தான் என் கண்ணில் பட்டிருக்கிறது. வரைபடத்தைப் பார்த்திருந்ததோ உலகத்திலேயே நான் ஒருத்திதான். கடிதத்தைப் பிரித்து முதல் தடவை படித்தபோதே கண்டுபிடித்துவிட்டாராம்.

எனக்கு அசடு வழிந்தது. ஆனால் முதலில் வந்தது நிம்மதிதான். அப்படியானால் என்னால் இல்லை, இவர் தேடவே இல்லை. பிறகுதான் உறைத்தது. தேடவில்லை என்றால் பத்து நாளாக ஏன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்? கேட்டேன். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேலை போயிடுச்சு. எங்க செக்‌ஷன மொத்தமா மூடிட்டாங்க. அன்னைக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, உன் லெட்டர்தான் பையில இருந்துச்சு. அதச் சொன்னேன்."

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். என் குரல் எழும்பியது போலிருக்கிறது, கையைக் காட்டி அமர்த்தினார்.

"ரெண்டு தடவ சும்மா சொல்லிருக்கேன், வேலை போச்சுன்னு. ரெண்டு தடவையும் சிரிச்சா. இப்பவும் சிரிப்பா தங்கச்சி. அது என்னால பாக்க முடியாது."

வியாழக்கிழமை ஷா ஆலமில் ஓர் இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அது கிடைத்ததும் நானே சொல்லிவிடுகிறேன், அதுவரைக்கும் நீயும் கிணறு இருக்கிறது என்றே சொல் என்றார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா மைலோ கலந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என் கையில் கொடுத்துவிட்டு, அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நிஜமாகவே அப்படி ஒரு கிணறு இருக்கிறதா, கிடைத்துவிடுமா என்று கேட்டார்.

இவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களைச் சோதித்த அந்த முகத்தில் அப்போது சோதனை எதுவும் இல்லை. வெறும் பயம்தான் இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. இருக்கிறது அக்கா, வாசகர் ஒருத்தர் பார்த்திருக்கிறார், இன்னும் நாலைந்து நாளில் கிடைத்துவிடும் என்று சொன்னேன். ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னேன். அக்கா பெருமூச்சு விட்டு, அப்படின்னா சரி என்றார். ரயிலடிக்கு நடக்கும்போது, நல்ல காரியம்தான் செய்தேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஷா ஆலம் வேலை கிடைக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் எங்கள் இதழும் நின்றுபோனது. பிறகு அவர்கள் ஜோகூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் எப்படி இருக்கிறார், இன்னும் எதையாவது போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, தெரியவில்லை. விசாரித்திருக்கலாம். நான் விசாரிக்காததற்குக் காரணம், நான் போய் வந்து ஒரு வாரத்தில் அக்காவிடமிருந்து வந்த இன்னொரு போன்தான். தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவி துணிக்கடைக்குச் சேலை எடுக்க வந்திருக்கிறார். உங்கள் வீட்டுக்காரருக்கும் வேலை போய்விட்டதாமே என்று அனுதாபமாகக் கேட்டிருக்கிறார். வாடிக்கையாளர்கள் எதிரே, கையில் விரித்த சேலையோடு அக்கா அதைக் கேட்டிருக்கிறார்.

எனக்கும் முன்பே தெரியும் என்பதை அன்று ராத்திரி அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்கா கத்தவில்லை, அழவும் இல்லை.

"அவரு பொய் சொல்வாரும்மா. அது எனக்குப் பழகிப்போச்சு. உன்ன வரச் சொன்னதே, நீயாவது உண்மையச் சொல்லுவேன்னுதான்."

போனை மெதுவாகத்தான் வைத்தார்.